ஸ்ப்ரூஸ் மரத்து அசுவினி: இனம் பிரித்துப் பார்த்த குறிப்புகள்

முதலில் மரத்தை உறுதி செய்ய வேண்டும். ஊசியிலை உதிர்ந்த இடத்தில் சிறு முளை துருத்தி நின்றால் ஸ்ப்ரூஸ். வட்டத் தழும்பு மட்டும் இருந்தால் ஃபிர். இங்கே தவறினால் மேற்கொண்டு பார்ப்பதெல்லாம் வீண். இந்த அசுவினிகளில் பெரும்பாலானவை ஒரே மரவகையோடு ஒட்டியவை.

அடுத்து, பூச்சி இருக்கும் இடம். பழைய ஊசியிலையில் 2 மி.மீ.க்கும் குறைவான பச்சைப் பூச்சி, சிவந்த கண், வயிற்றின் பின்பக்கம் மெலிந்து நீண்ட இரட்டைக் குழல்: இவை சேர்ந்தால் எலட்டோபியம் அபியெட்டினம். ஊசியில் மஞ்சள் பட்டை விழுந்து பழைய இலை கொட்ட, அவ்வருடத் தளிர் மட்டும் பச்சையாக நிற்பது கூடுதல் சாட்சி. தளிரில் அன்னாசி வடிவில் புடைத்த கழலைக்குள் குழலே இல்லாத பூச்சிகள் இருந்தால் அவை அடெல்ஜிட்கள்; உண்மையான அசுவினிகள் அல்ல.

என் கைக்கு வந்த மாதிரிப் பூச்சி இந்த இரண்டிலும் சேரவில்லை. புதுத் தளிரின் தண்டில் கூட்டமாக, 3 மி.மீ.க்கு மேல், சாம்பல் கலந்த பழுப்பு, மெல்லிய மெழுகுத் தூள். குழலுக்குப் பதில் ரோமம் அடர்ந்த தாழ்வான கூம்புகள். அங்கேயே சினாரா பேரினம் என்பது தெளிவு.

நிறம், மெழுகு, இருந்த இடம் மூன்றையும் உயிரோடு இருக்கும்போதே படமெடுத்துக் குறித்துவிட வேண்டும். 70 சதவீத எத்தனாலில் போட்டபின் மெழுகும் நிறமும் நம்பத்தக்கவை அல்ல. இறக்கையில்லாத முதிர்ந்த பெண் பூச்சிகளையே எடுக்க வேண்டும். குஞ்சுகளின் அளவுகள் இனம் பிரிக்கும் அட்டவணையில் பொருந்தாது.

நுண்ணோக்கியில் பார்க்க ஸ்லைடு தயாரிப்பதுதான் பொறுமை கேட்கும் வேலை. வயிற்றில் ஊசிமுனையால் துளையிட்டு, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டு, குழாயைச் சுடுநீரில் நிறுத்த வேண்டும். நேரடித் தீயில் காட்டினால் கரைசல் பொங்கித் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சீக்கிரம் எடுத்தால் வயிற்றுக்குள் இருக்கும் கருக்கள் ரோமங்களை மறைக்கும். கூடுதலாக விட்டால் தோல் தளர்ந்து கூம்பின் நிறம் வெளுக்கும். பிறகு நீரில் அலசல், படிப்படியாகச் செறிவு கூட்டிய எத்தனால், கிராம்பு எண்ணெய், கடைசியில் ஸ்லைடில் பதிக்கும் பிசினான கனடா பால்சம். நீர் மிச்சமிருந்தால் பால்சம் கலங்கிவிடும்.

நுண்ணோக்கியில் உணர்கொம்பின் கடைசிக் கணுவின் நுனிநீட்சி மிகக் குட்டை. எலட்டோபியத்தில் அது நீளம். உணர்கொம்பிலும் பின்காலிலும் நீண்ட, மெல்லிய ரோமங்கள். அடிமரப் பட்டையில் கூட்டமாக இருக்கும் பளபளப்பான கருப்பு சினாரா பிசியே இதுவல்ல. மெழுகு தடித்துப் படியும் சினாரா காஸ்டாட்டாவும் அல்ல. தளிர், ரோமம், மெல்லிய மெழுகு மூன்றும் சினாரா பிலிகார்னிஸையே காட்டுகின்றன. எறும்பு மொய்ப்பதை இதில் கணக்கில் சேர்க்கவில்லை. சினாராவில் பல இனங்களை எறும்பு நாடும்.

சினாரா புருயினோசாவை விலக்க, பின்கால் ரோமங்களை அளவுகோல் பொருத்திய கண்ணருகு லென்ஸில் அளந்து அட்டவணையோடு ஒப்பிடுவது பாக்கி.