காரணிகள் பாடத்துக்கு ஒரே எண்: 720720

குரூப் 4 தேர்வில் திறனறிவுப் பகுதிக்கு 25 கேள்விகள். அதில் வரும் காரணிகள், மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.), வகுபடும் தன்மை ஆகியவற்றுக்காக நான் பயிற்சித் தாள்களைக் குவித்துக்கொள்ளவில்லை. 720720 என்ற ஒரு எண்ணை எடுத்து, அதை அலசி முடிக்கும் வரை விடவில்லை. உங்களுக்கும் இதையே சொல்வேன்.

முதலில் கண்ணில் பட வேண்டியது, 720 இரண்டு முறை வருவது. மூன்று இலக்கங்கள் அப்படியே திரும்ப வந்தால் அந்த எண் 1001-ஆல் வகுபடும். 1001 என்பது 7 × 11 × 13. சரி, மீதமுள்ள 720-ஐப் பிரித்தால் 2⁴ × 3² × 5. ஆறு இலக்க எண்ணின் பகாக் காரணிகள் அவ்வளவுதான்.

காரணிகள் எத்தனை? ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. இதை மனப்பாடம் செய்யாதீர்கள், ஏன் 1 கூட்டுகிறோம் என்று பாருங்கள். ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ எடுக்காமலே விடலாம், அல்லது ஒன்று முதல் நான்கு முறை வரை எடுக்கலாம். ஆக ஐந்து வழி. இது பிடிபட்டுவிட்டால் கேள்வியை எப்படித் திருப்பினாலும் பயமில்லை. ஒற்றைப்படைக் காரணிகள் கேட்டால் 2-ஐத் தொடவே கூடாது, எனவே 48. முழு வர்க்கக் காரணிகள் கேட்டால் இரட்டை அடுக்குகள் மட்டும்: 1, 4, 9, 16, 36, 144. எந்தச் சிறிய எண்ணால் பெருக்கினால் முழு வர்க்கமாகும்? துணையில்லாமல் நிற்பவற்றைப் பெருக்குங்கள்: 5 × 7 × 11 × 13 = 5005.

இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 240 காரணிகள் கிடையாது. இப்படிப்பட்ட எண்களைத்தான் ராமானுஜன் 1915-இல் லண்டனில் வெளியான நீண்ட கட்டுரையில் ஆராய்ந்தார். தேர்வுக்கு இது தேவையில்லைதான். ஆனால் கும்பகோணத்தில் படித்தவர் இதே அடுக்குகளை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று தெரிந்தபோது இந்தப் பாடத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை வந்தது.

அப்புறம், 1 முதல் 16 வரையுள்ள எண்களின் மீ.சி.ம.வும் இதுதான். 2 முதல் 16 வரை எதனால் வகுத்தாலும் மீதி 1 தரும், 1-ஐ விடப் பெரிய மிகச்சிறிய எண் 720721. மீதி ஒவ்வொரு முறையும் வகுக்கும் எண்ணைவிட ஒன்று குறைவு என்றால் 720719. விடைத் தெரிவுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், கேள்வியின் கடைசி வரியை நிதானமாகப் படியுங்கள்.

காரணிகளின் கூடுதல் சூத்திரத்தைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் 360360-ஐ எடுத்து இத்தனையும் செய்து பாருங்கள். 2-இன் அடுக்கு ஒன்று குறையும். காரணிகள் 192 வர வேண்டும், முழு வர்க்கமாக்க 10010-ஆல் பெருக்க வேண்டியிருக்கும்.