கூட்டுறவுச் சங்கங்களை ஒப்பிடப் போய் நான் பட்ட பாடு

டி.இ.ஏ. (தரவு உறைப் பகுப்பாய்வு) என்பது, ஒரே வேலையைச் செய்யும் அமைப்புகளில் எது குறைந்த செலவில் அதிகம் செய்கிறது என்று ஒப்பிடும் கணக்கு. அதைப் போடுவது பெரிய வேலை இல்லை. மென்பொருள் ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். அதற்கு முன்னால் தணிக்கை அறிக்கைகளை வாங்குவதும், அதற்குப் பிறகு வந்த முடிவைப் படமாக்கிப் புரியவைப்பதும்தான் உயிரை வாங்கின.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் திறனை ஒப்பிட வேண்டும். உள்ளீடு மூன்று: ஊழியர் செலவு, இதர நிர்வாகச் செலவு, கடன் கொடுக்கத் திரட்டிய நிதி. வெளியீடு மூன்று: வழங்கிய கடன், வசூல், உர விற்பனை.

அறிக்கைகள் இருந்த அலுவலகத்தின் எழுத்தர், கடிதத்தில் 'நகல்' என்றுதான் இருக்கிறது, 'சான்றிட்ட நகல்' என்று இல்லை என்று திருப்பி அனுப்பினார். மாற்றி எழுதிக்கொண்டு போனால், சான்றுக்கு ஐயா கையெழுத்து வேண்டும், ஐயா சிவகங்கைக்கு மீட்டிங் போய்விட்டார் என்றார். ஒருவழியாகக் கைக்கு வந்த கட்டில் பல சங்கங்களைக் காணோம். "தணிக்கை முடியலை" என்பதோடு பேச்சு முடிந்தது.

இங்கேதான் படம் கெட்டது. மூன்று உள்ளீடு, மூன்று வெளியீடு என்றால் அவற்றின் கூட்டுத்தொகையைப் போல மூன்று மடங்கு, அதாவது 18 சங்கங்களாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் பாதிப் பேருக்கு மதிப்பெண் 1, அதாவது முழுத் திறன், வந்துவிடும். வந்தது. பட்டை வரைபடத்தில் எல்லாம் கம்பி வேலி போல ஒரே உயரத்தில் நின்றன. அதைப் பார்த்த அதிகாரி, "இதில் முதலிடம் யார்?" என்று கேட்டார்.

தரவரிசைதான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் ஆண்டர்சன், பீட்டர்சன் 1993-ல் சொன்ன மீத்திறன் முறையைப் போட்டுப் பார்த்தேன். மதிப்பிடும் சங்கத்தை விலக்கிவிட்டு மற்றவற்றோடு மட்டும் ஒப்பிடுவதால், இதில் மதிப்பெண் 1-ஐத் தாண்டியும் போகும். நகைக்கடனைத் தவிர அதிகம் எதுவும் செய்யாத ஒரு சின்னச் சங்கம் தலைக்கு மேல் போய் உட்கார்ந்தது. அதற்கு ஈடாக ஒப்பிட வேறு சங்கமே இல்லை, அவ்வளவுதான். அளவுக்கேற்ப விளைவு மாறும் மாதிரியிலோ (சின்னச் சங்கத்தையும் பெரிய சங்கத்தையும் ஒரே விகிதத்தில் அளக்காத கணக்கு) சிலவற்றுக்குத் தீர்வே வராமல் கட்டம் காலியாக நின்றது.

விடுபட்ட அறிக்கைகளுக்கு நேரே சங்கங்களுக்கே போய்விடுங்கள். புதுவயல் பக்கம் ஒரு செயலாளர் பீரோவைத் திறந்து, டீயும் வாங்கிக் கொடுத்து, மொத்த ஃபைலையும் கையில் வைத்தார். இன்னொன்று, 2021-ஐத் தொடாதீர்கள். அந்த ஆண்டு பயிர்க்கடன் தள்ளுபடியும் வந்தது, ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி அறிவிப்பும் வந்தது. அந்தக் காலத்து வசூல் எண்ணை வைத்து யாருடைய திறனையும் அளக்க முடியாது.

எண்ணிக்கை தேறிய பிறகும் பட்டை வரைபடம் உதவவில்லை. "தம்பி, எனக்கு 62 மார்க்கா?" என்று ஒரு செயலாளர் முகம் சுருங்கினார். 0.62 என்றால், இதே வேலையை இப்போதைய செலவில் 62 சதவீதத்திலேயே செய்திருக்கலாம் என்று பொருள். அது பட்டையில் எங்கே தெரிகிறது?

பட்டையைத் தூக்கிப் போட்டேன். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு புள்ளி. பின்தங்கிய சங்கத்திலிருந்து அதற்கு முன்மாதிரியாகக் கணக்குக் காட்டும் சங்கங்களுக்கு அம்பு. அந்த ஒப்பீட்டில் முன்மாதிரியின் பங்கு (எடை) கூடினால் அம்பு தடிக்கும். அடுத்த தாளில், எந்தச் செலவில் எவ்வளவு மிகை என்று ரூபாயிலேயே கோடுகள். தேவகோட்டைப் பக்கத்துச் செயலாளர் தன் அம்பு போன இடத்தைப் பார்த்ததும், "அவங்களுக்குக் கண்மாய்த் தண்ணி, எங்களுக்கு மானாவாரி. இது எப்படி ஒப்பாகும்?" என்று பிடித்துக்கொண்டார். நியாயமான கேள்வி. மதிப்பெண்ணை மட்டும் காட்டியிருந்தால் அவர் வாயே திறந்திருக்க மாட்டார்.

ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஊர்ப் பெயர்களைத் தமிழில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நேரே பி.டி.எஃப்.பாக எடுத்தால் 'கோட்டையூர்' கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறும். அதன் 'ராக்' (ragg) தொகுப்பு வழியாகப் படமாகச் சேமித்தால் ஒழுங்காக வரும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஜெராக்ஸ் எடுத்ததும் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிட்டன. வட்டம், முக்கோணம் என்று வடிவத்தையும் மாற்றுங்கள்.

மானாவாரிச் சங்கங்களைத் தனியாகப் பிரித்து மறுபடி ஓட்டியதில் அந்தச் செயலாளரின் அம்பு வேறு சங்கத்துக்குத் திரும்பியது. அந்தத் தாளை மட்டும், இயக்குநர் குழுவில் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார். அதிகாரி இன்னும் தரவரிசைதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். கொடுப்பதாக இல்லை.