கை மாறும் இடம்

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு டிசம்பர் என்றாலே ஜிஎஸ்டிஆர்-9தான். 2 கோடி ரூபாய்க்கு மேல் டர்னோவர் உள்ள பார்ட்டிகளுக்கு, அதாவது எங்களிடம் கணக்கு கொடுக்கும் வியாபாரிகளுக்கு, இந்த வருடாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் கட்டாயம், கடைசித் தேதி டிசம்பர் 31. ஃபைல் செய்தபின் திருத்த முடியாது. அந்தப் பயத்திலேயே பலர் அதில் சீக்கிரம் கை வைப்பதில்லை.

எங்கள் அலுவலகத்தில் வேலைகளை ட்ரெல்லோ என்ற ஆப்பில் கார்டுகளாகப் போட்டு வைக்கிறோம். பார்ட்டி பெயரும் 'ஜிஎஸ்டிஆர்-9' என்ற தலைப்புமாக ஒரே கார்டு போட்டால், அது மாதக்கணக்கில் இருந்த இடத்திலேயே இருக்கும். சோம்பல் காரணமில்லை. கார்டைத் திறப்பவருக்கு இப்போது எதைத் தொடுவது என்று அதில் தெரியாது.

சரி, பிரிக்கலாம் என்று உட்கார்ந்தால், ஃபார்மின் வரிசைதான் முதலில் தோன்றும். 4ஆம் டேபிள் விற்பனை, 6ஆம் டேபிள் ஐடிசி (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது), 17ஆம் டேபிள் ஹெச்எஸ்என் (சரக்கு வகைக் குறியீடு) என்று செக்லிஸ்ட் போடலாம். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் வேலை அந்த வரிசையில் நடக்காது. அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் இடங்களில்தான் நிற்கிறது. வெட்ட வேண்டியதும் அங்கேதான் என்பது என் அனுபவம்.

'பர்ச்சேஸை 2பியுடன் ஒப்பிடுதல்' என்ற ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2பி என்பது, சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் பட்டியல். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரிலிருந்து பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை எக்செலுக்கு எடுக்க வேண்டும். போர்ட்டலில் மாதாமாதம் 2பி இறக்க வேண்டும். அப்புறம் பில் நம்பர்களை ஒரே மாதிரி ஆக்க வேண்டும், ஏனென்றால் சப்ளையர் '023/24-25' என்று ஏற்றியிருப்பார், நம் பார்ட்டியின் அக்கவுண்டன்ட் வெறும் '23' என்று அடித்திருப்பார். இது மூன்றும் நம் மேசையிலேயே முடிகிற வேலை. ஆடிட்டர் பயிற்சிக்குப் புதிதாகச் சேர்ந்த ஆர்ட்டிகிள் மாணவர்கூட யாரையும் கேட்காமல் செய்துவிடுவார். நான்காவது, 2பியில் வராத பில்களின் பட்டியலைப் பார்ட்டிக்கு அனுப்புவது. அனுப்ப ஐந்து நிமிடம் போதும், பதில் வரத்தான் வாரங்கள் ஆகும். பார்ட்டி சப்ளையருக்குப் போன் செய்ய வேண்டும், சப்ளையர் ஜிஎஸ்டிஆர்-1 என்ற தன் விற்பனை ரிட்டர்னில் அந்த பில்லை ஏற்ற வேண்டும்.

இங்கேதான் பணம் போகிறது. போன நிதியாண்டு பில்லுக்கு ஐடிசி எடுக்க நவம்பர் 30தான் கடைசி. ரிட்டர்னுக்கு டிசம்பர் 31 வரை நேரம் இருப்பது இதற்கு உதவாது. டிசம்பரில் கார்டைத் திறந்து, விடுபட்ட பில்லைக் கண்டுபிடித்து என்ன பயன்? வியாபாரி கட்டிய வரி போனது போனதுதான். ஒற்றைக் கார்டில் இந்தத் தேதி கண்ணிலேயே படாது.

அதனால் அந்த நான்காவது வேலையை மட்டும் தனிக் கார்டாக மாற்றி, ஆகஸ்ட் மாதத் தேதி போடுகிறோம். ட்ரெல்லோவில் செக்லிஸ்ட் வரியைக் கார்டாக மாற்றும் வசதி இருக்கிறது. மற்ற மூன்றும் செக்லிஸ்ட்டிலேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் கார்டாக்கினால் போர்டு நிரம்பி, முக்கியமானது அதற்குள் ஒளிந்துகொள்ளும். 'போர்ட்டலில் லாகின் செய்' என்றெல்லாம் எழுதுவது எழுதுகிறவருக்கே சலிப்பு.

பட்டியல் அனுப்பியதும் கார்டு 'பதில் வரணும்' என்ற லிஸ்ட்டுக்குப் போகும். திங்கள் காலை முதல் வேலையாக அந்த லிஸ்ட்டைத் திறந்து, மேலிருந்து கீழாகப் பார்ட்டிகளுக்குப் போன் செய்கிறோம்.