பின் சில்லுச் சூடு: ஒரு பிரேக் வேலையின் நாட்குறிப்பு

ஜனவரி 9

மழை முழுக்கக் கடற்கரையோரம், ஹேண்ட்பிரேக் இழுத்தபடி மூன்று கிழமை நின்ற கார். பின்னால் இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக். ஹேண்ட்பிரேக்குக்குத் தனி டிரம் கிடையாது, டிஸ்க்கைக் கவ்வும் கலிப்பருக்குள்ளேயே அதன் பொறி இருக்கிறது. எடுத்தபோது இடது பின் சில்லு 'டக்' என்று விட்டது. டிஸ்க்கை அழுத்தும் பேட்டும் டிஸ்க்கும் கறளில் ஒட்டிப் பிரிந்த சத்தம் அது. அதோடு தீர்ந்திருந்தால் வேலையே இல்லை. தீரவில்லை: நியூட்ரலில் தானாக உருள வேண்டிய சரிவில் கார் அசையாமல் நிற்கிறது.

நிலாவெளி வரை ஓடித் திரும்பியது, பிரேக்கை முடிந்தவரை மிதிக்காமல். நிறுத்திய உடனே வெப்பமானியால் பார்த்த அளவு: முன் இரண்டும் 55 பாகைக்குக் கிட்ட, வலது பின் 94, இடது பின் 171. வெப்பமானி இல்லாவிட்டால் டிஸ்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். சுர்ரென்று பறந்தால் 100ஐத் தாண்டிவிட்டது. விரலை வைத்துப் பார்க்க வேண்டாம்.

பின் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அனேகமாக இழுக்காது. பெற்றோல் கூடக் குடிக்கும், சில்லு கருந்தூளால் மூடும், அவ்வளவுதான்.

ஜனவரி 10

எதையும் வாங்குவதற்கு முன் குற்றவாளியைப் பிரிக்கும் நாள். முன் சில்லுகளுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை உயர்த்தி, தாங்கிகளில் இருத்தியது. ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகக் கூடாது.

முதலில் ஹேண்ட்பிரேக்கை முழுதாக விட்டு, கலிப்பரின் பின்னால் கேபிள் கொழுவியிருக்கும் லீவரைப் பார்த்தது. அது தன் தடுப்பில் போய் முட்டி நிற்க வேண்டும். வலது லீவர் ஒரு மில்லிமீட்டர் முன்னால், இடது லீவர் ஆறு மில்லிமீட்டர் முன்னால். இரண்டு கேபிளையும் சமமாக இழுக்க நடுவில் உள்ள சமன்படுத்தியின் நட்டைத் தளர்த்தி இரண்டு கேபிளையும் கழற்றியதும் வலது லீவர் தடுப்பில் போய் உட்கார்ந்தது. இடது லீவர் அசையவில்லை. ஆகவே இடப்பக்கம் கேபிள் குற்றமில்லை, லீவரின் அச்சே கலிப்பர் உடலுக்குள் இறுகிவிட்டது.

அடுத்தது எண்ணெய் அழுத்தம். பிரேக்கை ஒருமுறை மிதித்து விட்டு, கலிப்பரில் எண்ணெயும் காற்றும் வெளியேற்றும் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தது. திறந்த கணத்தில் சில்லு விடுபட்டால் கலிப்பருக்கு எண்ணெய் கொண்டுவரும் ஹோஸ் உள்ளே வீங்கி, எண்ணெயைப் போக விட்டுத் திரும்ப விடாமல் அடைக்கிறது என்று பொருள். இங்கே இரண்டு பக்கமும் மாற்றம் இல்லை. ஹோஸ் தப்பியது.

கேபிள் இல்லாமலும் வலது சில்லு கனமாகவே சுற்றுகிறது. கலிப்பரைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது: உள் பேட் 2 மி.மீ., வெளிப் பேட் 6 மி.மீ. பேட்டைத் தள்ளும் பிஸ்டன் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் கலிப்பர், தன்னைத் தாங்கும் ஊசிகளில் (வழுக்குக் கம்பிகளில்) வழுக்கினால்தான் இரண்டு பேட்டும் சமமாகத் தேயும். ஊசி இறுகினால் உள் பேட் தனியாக எல்லா வேலையையும் செய்கிறது.

இந்தக் காரில் முன்பு யாரோ ஹேண்ட்பிரேக் தளர்வென்று கேபிளை இறுக்கியிருக்கிறார்கள். சமன்படுத்தியின் மரைப் பளபளப்பு அதைக் காட்டிக்கொடுக்கிறது. அதனால்தான் வலது லீவரும் தடுப்பை விட்டு வந்தது. லீவர் தடுப்பில் இல்லாவிட்டால் பிஸ்டனுக்குள் இருக்கும், பேட் தேய்வை ஈடுகட்டும் தானியங்கிச் சரிக்கட்டல் ஒழுங்காக வேலை செய்யாது. பேட் தேயத் தேய ஹேண்ட்பிரேக் இன்னும் தளரும், ஆள் இன்னும் இறுக்குவார்.

ஜனவரி 11

வலது கீழ் ஊசி. இரண்டு ஊசியில் ஒன்றின் நுனியில் றபர் சுற்று இருக்கும், ஊசி அதிராமல் இருக்க. அந்த றபர் உப்பி, துளைக்குள் தக்கை மாதிரி இறுகியிருந்தது. உள்ளே வழித்தெடுத்தது மஞ்சள் கிறீஸ், பேரிங்குக்குப் போடுவது. பெற்றோலிய கிறீஸ் பிரேக் றபரை உப்ப வைக்கும். கழுவுவதற்குப் பெற்றோலும் மண்ணெண்ணெயும் அதே காரணத்தால் ஆகாது. பிரேக் கிளீனர் அல்லது ஸ்பிரிட் போதும். ஊசியைச் சுற்றித் திருகியே வெளியே எடுக்க வேண்டும், சுத்தியலால் அடித்தால் துளை கெடும்.

இடது கலிப்பரில் லீவர் அச்சின் சிறிய றபர் உறை விளிம்பில் வெடித்திருக்கிறது. உப்புக்காற்றும் மழைத்தண்ணீரும் அந்த வெடிப்பால்தான் இறங்கியிருக்கின்றன. கறள் இளக்கும் எண்ணெய் விட்டு, லீவரை முன்னும் பின்னும் நாற்பது ஐம்பது தரம் ஆட்டினால் விடும், இதுவும் விட்டது. ஆனால் சீல் உட்காரும் இடத்தில் அச்சு அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக இருக்கிறது. புது சீல் போட்டாலும் அடுத்த மழைக்கு இதே கதைதான். இடது கலிப்பர் மாற வேண்டும்.

டிஸ்க் விளிம்பில் பொறித்த ஆகக் குறைந்த தடிப்பு 8 மி.மீ.; விளிம்பு மேட்டைத் தவிர்த்து அளந்தது 8.6. இருக்கட்டும்.

ஜனவரி 12

கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து வர வேண்டியவை: புதுப்பித்த இடது கலிப்பர், பின் பேட் நான்கு, வலப்பக்கத்துக்கு ஊசியும் உறைகளும், செப்பு வளையம் இரண்டு, டொட் 4 பிரேக் ஒயில் 500 மி.லீ. போத்தல் இரண்டு. பேட்டை ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது காசு மிச்சமில்லை.

ஜனவரி 15

தைப்பொங்கல். கடைகள் பூட்டு.

ஜனவரி 17

பெட்டியைத் திறந்ததும் பார்த்தவை: லீவரை இழுத்து விட்டால் சட்டென்று தடுப்பில் அடிக்கிறதா, நிப்பிள் திரும்புகிறதா, பூட்டும்போது நிப்பிள் மேலே வருமா. இடம் வலம் மாறினால் நிப்பிள் கீழே போகும், காற்று மேலேயே தங்கும், எத்தனை போத்தல் ஊற்றினாலும் பெடல் பஞ்சு மாதிரித்தான்.

பேட் உட்காரும் தாங்கியில் எஃகுத் தகடுகளைக் கழற்றினால் அடியில் கறள் பொருக்கு. அது தகட்டைத் தூக்கி, பேட்டின் காதை நெரிக்கிறது. அரத்தால் வெளிர் இரும்பு தெரியும் வரை சுரண்டியது. பேட் விரலால் தள்ள வழுக்க வேண்டும். வழுக்காவிட்டால் பேட்டை அராவாதீர்கள், கறளை அராவுங்கள்.

ஊசிகளுக்குச் சிவப்பு றபர் கிறீஸ், பயறளவு. அள்ளிப் பூசினால் மூடிய துளையில் கிறீஸும் காற்றும் அடைபட்டு ஊசியைத் திருப்பித் தள்ளும்.

வலது பிஸ்டனை நேராக அழுத்தக் கூடாது. உள்ளே திருகு இருக்கிறது, நசுங்கினால் ஹேண்ட்பிரேக் போச்சு. சுற்றும் கருவியால் அழுத்தியபடி சுற்றியே உள்ளே அனுப்பியது, நிப்பிளில் குழாய் போட்டுத் திறந்து வைத்து, அழுக்கு எண்ணெய் மேலே ஏறாதபடி. பிஸ்டன் முகத்தின் வெட்டு, பேட்டின் முதுகில் உள்ள முளைக்கு நேரே வர வேண்டும். வராவிட்டால் பேட் சரிந்து தேயும். ஊசி போல்ட் 30 நியூட்டன் மீட்டர். ஹோஸ் போல்ட்டுக்கு இரு பக்கமும் புதுச் செப்பு வளையம்.

பழைய எண்ணெய் சாயத் தேநீர் நிறம். டொட் 4 புதிதில் குறைந்தது 230 பாகையில் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155. இடது பின் டிஸ்க் 171இல் இருந்ததை நினைத்துக்கொள்ளலாம். காற்று எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்தது. பெடல் அடிவரை இறங்கி, அது தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரில் சீல் இதுவரை போகாத கறள் பகுதிக்குப் போனால் கிழியும்.

கடைசியாகத்தான் கேபிள். அது தொங்கிக் கிடக்கும்போதே எஞ்சினை ஓடவிட்டு பெடலை நாற்பது தரம் மிதித்தது, இரு பக்கமும் சரிக்கட்டல் தன் இடத்துக்கு வரும் வரை. பிறகு கேபிளைக் கொழுவி, லீவர்கள் அசையத் தொடங்கும் வரை நட்டை இறுக்கி, இரண்டும் மீண்டும் தடுப்பைத் தொடும் வரை தளர்த்தியது. ஹேண்ட்பிரேக் ஆறாவது 'கிளிக்'கில் பிடிக்கிறது.

ஜனவரி 18

உவர்மலை ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக் மட்டும் காரை நிறுத்தியது. மறுபடி நிலாவெளி: இடது பின் 52, வலது பின் 49.

ஜனவரி 26

நட்டு, ஹோஸ் மூட்டு பார்த்தது. கசிவில்லை. லீவர் இரண்டும் தடுப்பில். சமதரையில் நாட்கணக்கில் நிற்கும்போது ஹேண்ட்பிரேக் வேண்டாம், கியரில் போட்டுச் சில்லுக்குக் கல் வைக்கச் சொல்லி, சாவிக் கோர்வையில் ஒரு சிவப்பு நாடாவும் கட்டிக் கொடுத்தாயிற்று: கல்லை எடுக்க மறந்துவிடாமல்.