ஜாங்கோவில் இன்னொரு டெம்ப்ளேட் டேக் வேண்டுமா?

பைத்தானில் இணையதளம் கட்ட உதவுகிற ஜாங்கோவுக்குப் புதிதாக வருகிற எல்லோரும் ஒருநாள் கேட்டுவிடுகிற கேள்வி இது: டெம்ப்ளேட்டில் இரண்டு எண்ணைப் பெருக்க ஒரு ஃபில்டர்கூடவா கிடையாது? கிடையாது. (டெம்ப்ளேட் என்பது பக்கத்தின் எச்டிஎம்எல் அச்சு. அதற்குள் ஒரு மதிப்பை மாற்றிக் காட்டுவது ஃபில்டர், ஒரு வேலையைச் செய்கிற கட்டளை டேக்.) கூட்டுவதற்கு ‘ஆட்’ (add) இருக்கிறது, அதிலேயே மைனஸ் எண்ணைக் கொடுத்தால் கழித்துக்கொள்ளலாம், மீதியில்லாமல் வகுபடுகிறதா என்று பார்க்க டிவிசிபிள்பை இருக்கிறது, பெருக்கத்தான் ஒன்றும் இல்லை. அதனால் பார் சார்ட்டின் அகலத்தைக் கணக்கிடுவதற்காக வைத்திருக்கிற விட்த்ரேஷியோ டேக்கை எடுத்து, நடு ஆர்க்யுமென்டாக 1 கொடுத்து, அதை வைத்துப் பெருக்கிக்கொள்கிறார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. அதிலும் அந்த டேக் விடையை முழு எண்ணாக்கித்தான் தரும், 12.50 ரூபாய்ப் பொருள் மூன்று வாங்கினால் 37.50க்குப் பதில் 38 என்று பில்லில் நிற்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், பெருக்கல் ஃபில்டர் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. விலையை எண்ணிக்கையால் பெருக்குவது பக்கத்தை எப்படிக் காட்டுவது என்கிற விஷயமே இல்லை, அது கணக்கு. மாடலில், அதாவது தரவை வைத்திருக்கிற பைத்தான் கோடில், ஒரு மெத்தட் எழுதினால் அதே தொகை பிடிஎஃப்பிலும் மெயிலிலும் ஏபிஐயிலும் ஒரே மாதிரி வரும், டெஸ்ட்டும் எழுதலாம். டெம்ப்ளேட்டில் பெருக்க விட்டால் அடுத்து ஜிஎஸ்டியும் அங்கேயே போடுவார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள். டெம்ப்ளேட்டுக்குள் இன்னொரு புரோகிராமிங் மொழியை உருவாக்குவது நோக்கமில்லை என்று ஜாங்கோவின் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இல்லை, எனக்கு வேண்டும்தான் என்பவர்களுக்கு 1.8 வெர்ஷனிலிருந்து ஜின்ஜா2 என்ற வேறொரு டெம்ப்ளேட் மொழிக்கு ஆதரவு உள்ளேயே இருக்கிறது, தாராளமாகப் போகலாம்.

ஆனால் எதைக் கேட்டாலும் மறுப்பதும் சரியில்லை. இஃப்ஈக்வல் கதை அதற்கு நல்ல சாட்சி. ஆரம்ப கால ஜாங்கோவில் இஃப் டேக்குக்குள் இரண்டு மதிப்புகளை ஒப்பிடவே முடியாது. ஒரே இஃப்பில் and, or இரண்டையும் கலக்கவும் விடமாட்டார்கள். சமமா என்று பார்க்க இஃப்ஈக்வல், சமமில்லையா என்று பார்க்க இஃப்நாட்ஈக்வல் என்று தனித்தனி டேக். பெரியதா, சிறியதா என்று பார்க்கவேண்டியவர்கள் ஆளுக்கொரு டேக் எழுதிக்கொண்டார்கள். 2010இல் வந்த 1.2 வெர்ஷனில்தான் இஃப்புக்கே ஒப்பீட்டுக் குறிகளைக் கொடுத்தார்கள், அன்றைக்கே அந்த இரண்டு டேக்குக்கும் வேலை போய்விட்டது. ஆனால் அவற்றைத் தூக்க முடிந்ததா? 2020இல் 3.1 வந்தபோதுதான் டெப்ரிகேட் செய்தார்கள், அதாவது இனி பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரித்தார்கள், 2021 டிசம்பரில் வந்த 4.0இல்தான் எடுத்தார்கள். யாருக்கும் தேவைப்படாத இரண்டு டேக் பதினோரு வருஷம் வீட்டிலேயே இருந்திருக்கிறது, ஏனென்றால் எந்த ஊரில் எந்தப் புராஜெக்ட்டின் டெம்ப்ளேட்டில் அது உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்குமே தெரியாது. பைத்தான் கோடை ஐடிஇ (கோட் எழுதுகிற எடிட்டர்) தேடித் தரும், டெஸ்ட் பிடித்துத் தரும். டெம்ப்ளேட்டை அந்தப் பக்கத்தைத் திறக்கிற வரை யாரும் பார்ப்பதில்லை. பாவம், முதலில் பார்ப்பது பெரும்பாலும் கஸ்டமர்தான்.

ஒன்று கவனியுங்கள், அங்கே தீர்வாக வந்தது புது டேக் இல்லை, ஏற்கெனவே இருந்த டேக்கைக் கொஞ்சம் புத்திசாலியாக்கியதுதான். யாராவது "இதுக்கு ஒரு டேக் போட்டுடலாமா அண்ணா" என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான், இருப்பதிலேயே எது குறைகிறது?

சில நேரம் நிஜமாகவே புதிதாக ஒன்று தேவைப்படுகிறது. தேடல் பக்கத்தில் கலர், விலை என்று நாலு ஃபில்டர் (டெம்ப்ளேட் ஃபில்டர் இல்லை, முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருகிற தேடல் ஃபில்டர்) போட்டிருக்கிறீர்கள், "அடுத்த பக்கம்" லிங்க்கில் வெறும் பக்க எண்ணை மட்டும் எழுதினால் அத்தனை ஃபில்டரும் பறந்துவிடும். இதற்காக நான் பார்த்த எல்லா ஆபீஸ் புராஜெக்ட்டிலும், மற்றதை அப்படியே வைத்துப் பக்க எண்ணை மட்டும் மாற்றுகிற ஒரு டேக் எழுதி வைத்திருந்தார்கள், பெயர்தான் வேறு வேறு, உள்ளே அதே ஏழெட்டு வரி. இது முழுக்க முழுக்க லிங்க் எழுதுகிற வேலை, மாடலுக்கும், பக்கத்துக்கான தரவைத் திரட்டித் தருகிற வியூவுக்கும் சம்பந்தமில்லை, எல்லோரும் தனித்தனியாக யோசித்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இதைவிட வேறு என்ன ஆதாரம் வேண்டும்? 2024இல், 5.1 வெர்ஷனில், க்வெரிஸ்ட்ரிங் என்ற டேக்காக அது வந்தது.

வந்த பிறகும் ஒரு சங்கதி பாக்கி இருந்தது. ஒரு பெயருக்கு None (மதிப்பு எதுவுமில்லை) கொடுத்தால் அந்தத் தேடல் ஃபில்டர் நீங்கிவிடும், சரி. இருந்ததே அந்த ஒன்றுதான் என்றால்? டேக் வெற்று ஸ்ட்ரிங்கைத் திருப்பித் தரும், லிங்க்கின் முகவரியான எச்ரெஃப் காலியாகும், காலி எச்ரெஃப்பை பிரவுசர் "இப்போது இருக்கிற அதே முகவரி" என்றுதான் எடுத்துக்கொள்ளும், கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்து. ஆக ஃபில்டரை நீக்கு என்று அழுத்தினால் அதே ஃபில்டரோடு அதே பக்கம் திரும்ப வரும்! 6.0இல் எப்போதும் முன்னால் ஒரு ? போட்டே தருகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். ஏழெட்டு வரி டேக்குக்கே இந்தப் பாடு. இதனால்தான் எந்தப் புது டேக்கும் வெளியே ஒரு பேக்கேஜாகக் கொஞ்ச காலம் அடிபட்டுவிட்டு வரட்டும் என்கிறேன். அதே 6.0இல் வந்த டெம்ப்ளேட் பார்ஷியல்ஸ் (டெம்ப்ளேட்டின் ஒரு துண்டுக்குப் பெயர் வைத்துத் தனியாக எடுத்துக்கொள்கிற வசதி) அப்படி வந்ததுதான். ஜாங்கோ டெவலப்பர் கார்ல்டன் கிப்சன் அதைத் தனி பேக்கேஜாக வெளியிட்டிருந்தார், பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்க எச்டிஎம்எக்ஸ் என்ற லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்கள் அதைப் போட்டு உழைத்துப் பார்த்திருந்தார்கள், ஜாங்கோவுக்குள்ளேயே வரும்போது அது பழகிய சரக்கு.

டேக்கே விடையில்லாத இடமும் உண்டு. ரூபாயை 1,25,000 என்று நம் ஊர் மாதிரி லட்சக் கணக்கில் காற்புள்ளி போட்டுக் காட்ட வேண்டும், இதற்கு எத்தனை பேர் ஃபில்டர் எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். ஜாங்கோவின் நம்பர் குரூப்பிங் அமைப்பு (3, 2, 0) என்று ஒரு வரிசையை வாங்கிக்கொள்ளும், அதாவது வலமிருந்து முதலில் மூன்று இலக்கம், பிறகு இரண்டிரண்டாக. செட்டிங்ஸில் நேராகப் போட்டால் லோக்கேலுடைய (மொழிக்கும் நாட்டுக்குமான அமைப்பு) ஃபார்மட் அதை மிதித்துவிடும், அதனால் ஃபார்மட் மாட்யூல் பாத் என்ற செட்டிங்கில் உங்கள் சொந்த ஃபார்மட் கோப்பைக் காட்டி அதில் எழுதுங்கள். ஆயிரப் பிரிப்பானையும் ஆன் செய்தால் எல்லாப் பக்கத்திலும் சரியாக வரும், டெம்ப்ளேட்டில் ஒரு எழுத்தைத் தொடவேண்டாம்.

எங்கள் புராஜெக்ட்டில் இப்போது வைத்திருக்கிற ஏற்பாடு இதுதான். புது டேக் முதலில் அதைக் கேட்ட ஆப்பின் டெம்ப்ளேட்டேக்ஸ் ஃபோல்டரில்தான் இருக்கும், வேண்டியவர்கள் லோட் செய்துகொள்ளலாம். இன்னொரு ஆப்பிலிருந்தும் அதே டேக்கைக் கேட்டு வந்தால்தான் பொது லைப்ரரிக்கு மாற்றுவோம். செட்டிங்ஸில் பில்ட்இன்ஸ் பட்டியலில் போட்டால் லோட் எழுதாமலே எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று ஒரு வசதி இருக்கிறது, அதை நான் வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன். கோப்பின் தலையில் லோட் வரி இருந்தால்தான் நாளைக்கு ஒரு டேக்கைத் தூக்கும்போது யார் யார் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும் என்று ஒரு கிரெப்பில், கோப்புகளில் ஒரு சொல்லைத் தேடித் தருகிற கட்டளையில், தெரியும். பெருக்கல் ஃபில்டர் கேட்ட தம்பி இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான்.