மூணா, நாலா?

தொலைபேசித் துறையில் கேபிள் வேலை பார்த்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, ஸ்லேட் என்கிற சாம்பல். தண்ணீர் புகாமல் உள்ளே ஜெல்லி அடைத்த கேபிளைப் பிரித்தால் வெள்ளையோடு முறுக்கிய ஐந்து ஜோடி, சிவப்போடு முறுக்கிய ஐந்து ஜோடி என்று பத்துப் பத்தாகக் கைக்கு வரும். இந்தப் பக்கத்துப் பச்சை அந்தப் பக்கத்துப் பச்சையோடு சேரவேண்டும். பச்சை மூணு, பழுப்பு நாலு. ஜாயின்ட்டர் வேலை அவ்வளவுதான், நாளெல்லாம் குழிக்குள் குந்தியிருப்பதைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

என் நண்பர் கடலூரில் அந்த வேலையைக் கிட்டத்தட்ட முப்பது வருஷம் செய்தார். பச்சைக்கும் பழுப்புக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது.

எனக்கே அது ஒரு மீன் வியாபாரியால்தான் தெரியவந்தது. ஓ.டி. என்கிற பழைய கடலூர்ப் பக்கம் அவர் ஜாயின்ட் போட்டுவிட்டு வந்த மறுநாள், போன் புகார் எண்ணான 198க்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் கூப்பிட்டார். விடிவதற்குள் ஏழெட்டுப் பேர் போன் செய்து வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டார்களாம். அங்கே மீன் வியாபாரியிடம் யாரோ டியூஷன் கட்டணம் விசாரித்திருக்கிறார்கள். இரண்டு பேரும் போய் ஜாயின்ட்டைப் பிரித்தோம். மூணும் நாலும் மாறிக் கிடந்தன.

"யோவ், பச்சையில கொண்டுபோயி பழுப்பக் கட்டியிருக்கியே?"

குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தார். "இதுல எதுய்யா பச்சை?"

கேலி என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவருடைய அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கும் இப்படித்தானாம். "வெளியில சொல்லிடாதய்யா, வேற வேலைக்குத் தூக்கிப் போட்டுருவாங்க" என்றார். நான் சொல்லவில்லை. செய்தது சரியா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நல்ல வெயிலில் சமாளித்துவிடுவார். பழுப்பு கொஞ்சம் அழுக்காகத் தெரியுமாம். அதனால் ஆறு மணிக்கு மேல் ஜாயின்ட்டைத் தொடமாட்டார். சோம்பேறி என்று பெயர் வந்தது, வாங்கிக்கொண்டார். சந்தேகம் வந்தால் அந்த ஜோடியில் டெஸ்ட் போனை மாட்டி எக்ஸ்சேஞ்சில் இருக்கும் என்னைப் பிடிப்பார். "மூணா, நாலா?" நான், வெளியிலிருந்து வரும் ஜோடிகளெல்லாம் வந்து சேரும் எம்.டி.எஃப். சட்டத்தில் பார்த்து "நாலு" என்பேன். சில நாள் வேலை முடிந்த பிறகும் லைனை விடமாட்டார். மதியம் என்ன குழம்பு, மகளுக்கு எத்தனை மார்க், எல்லாம் அந்தச் செம்புக் கம்பியில்தான். நேரில் பேசியதைவிடக் கம்பியில் பேசியதுதான் அதிகம். ஒரு ஜோடியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அந்த எண்ணுக்கு யாராவது கூப்பிட்டுவிட்டால் மணிக்கான மின்சாரம் அவர் விரலில் சுள்ளென்று ஏறும். அப்போது வரும் வசவை இங்கே எழுத முடியாது.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. மஞ்சக்குப்பத்தில் மரங்கள் சாய்ந்தபோது வேரோடு சேர்ந்து மண்ணுக்குள் இருந்த கேபிளும் பிய்த்துக்கொண்டு வந்தது. ஊரே இருட்டு. எக்ஸ்சேஞ்ச் டீசல் இன்ஜினில் ஓடிக்கொண்டிருந்தது. இருநூறு ஜோடி கேபிள் ஒன்றை அன்றிரவே கட்டியாகவேண்டும், வேறு ஜாயின்ட்டர் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு, நான் கட்டுறேன்."

குழி விளிம்பில் டார்ச்சைப் பிடித்தபடி உட்கார்ந்து, பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல் நிறம் நிறமாகச் சொன்னேன். சேறு, கொசு, விரலெல்லாம் ஜெல்லி. மற்றவர்கள் நான் துணைக்கு உட்கார்ந்திருப்பதாக நினைத்தார்கள். விடிந்து சோதித்தபோது இருநூறில் ஒரே ஒரு இடத்தில்தான் தப்பு, ஒரு பழுப்பும் ஸ்லேட்டும் மாறியிருந்தன. தூக்கக் கலக்கத்தில் நான் மாற்றிச் சொன்னது! "கண்ணு தெரியிறவன் லட்சணம் பாரு" என்று கடைசிவரை சொல்லிக்காட்டினார்.

2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் இருவரும் சேர்ந்தே வெளியே வந்தோம். பிறகு சில்வர் பீச்சில் நடைப்பயிற்சி, அப்புறம் டீ. தீபாவளிக்கு அண்ணிக்குச் சேலை எடுக்கப் போனால் கடையிலிருந்து படம் அனுப்பி, "இது என்ன கலர்?" என்று கேட்பார். ஒருமுறை வேண்டுமென்றே மாற்றிச் சொல்லி, இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது.

நெஞ்சுவலி வந்து ஒரே ராத்திரியில் போய்விட்டார். காரியம் முடிந்த அன்று அவர் மகள் பழைய டூல் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கத்தரி, கட்டிங் பிளேயர், ஜெல்லி காய்ந்த துணி. அடியில் ஒரு தீப்பெட்டி. திறந்தால் உள்ளே இரண்டு துண்டுக் கம்பி. ஒன்றில் மூன்று முடிச்சு, அது பச்சை. மற்றதில் நாலு.

"இது என்னது சித்தப்பா?"

"ஜாயின்ட்டர் சாமான்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.