நான்கு துளையில் ஒரு ஒகரினா

செல்டா வீடியோ விளையாட்டுகளில் வாளை விட எனக்குப் பிடித்தது ஊதுகுழல்தான். 1986இல் வந்த முதல் விளையாட்டிலேயே அது உண்டு. ஊதினால் சுழல்காற்று வந்து தூக்கிக்கொண்டு போகும், ஓரிடத்தில் குளமே வற்றிப் படிக்கட்டு தெரியும். 1991இல் வந்ததில் ஊதினால் பறவை வரும். ஆனால் 1998இல் நின்டெண்டோ 64 என்ற விளையாட்டுப் பெட்டிக்கு வந்த ‘ஒகரினா ஆஃப் டைம்’தான் (ஒகரினா என்பது முட்டை மாதிரிக் கூடாக இருக்கும் ஊதுகுழல்) ஊதுகிற வேலையை நம் விரலிடம் கொடுத்தது. ஏ பட்டன் ஒன்று, மஞ்சள் நிற சி பட்டன் நான்கு. அவற்றில் வருவது, மேற்கத்திய பெயரில் சொன்னால், டி, எஃப், ஏ, பி, மேல் டி என்று ஐந்தே ஸ்வரம். நம் கர்நாடக சங்கீதத்தில் டியை சட்ஜமாக வைத்தால் ச, க, ப, த, மேல் ச. காந்தாரம் சாதாரணம், தைவதம் சதுஸ்ருதி.

அரை ஸ்வரம் ஏற்றி இறக்க வேறு பட்டன்கள் இருக்கின்றன, ஆனால் விளையாட்டில் வாசிக்க வேண்டிய மந்திரப் பாட்டு எதற்கும் அவை தேவையில்லை. மறுபடி விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: ஐந்து ஸ்வரத்துக்கு நான்கு துளை போதுமே! மண்ணில் நாமே செய்து பார்த்தால் என்ன?

புல்லாங்குழல் செய்வதென்றால் பயந்திருப்பேன். அங்கே துளை ஒரு நூல் தள்ளிப்போனாலும் ஸ்ருதி போச்சு. ஒகரினா அப்படியில்லை. 1853இல் இத்தாலியின் புத்ரியோவில் ஜுசெப்பே தொனாத்தி இப்போதைய வடிவத்துக்குக் கொண்டுவந்த அந்த ‘குட்டி வாத்து’ (பெயருக்கு அர்த்தமே அதுதான்) வெறும் கூடு. உள்ளே எவ்வளவு காற்று, வெளியே மொத்தம் எவ்வளவு திறப்பு, இவ்வளவுதான் கணக்கு. துளையை விரலுக்கு வாகான இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

முதல் இரண்டும் ஊமை. சட்டி செய்பவரிடம் வாங்கிய மண்ணில் இரண்டு கிண்ணம் பிடித்து, விளிம்பைக் கீறி, மண்கூழ் தடவி ஒட்டினேன். முட்டை மாதிரி அழகாகத்தான் வந்தது. ஊதினால் ‘ஃபூ’ என்று காற்று மட்டும் போனது.

கோளாறு ஊதுவாயில். ஐஸ் குச்சியைச் செருகி உருவினால் மெல்லிய சந்து கிடைக்கும். அது முடிகிற இடத்தில் சதுரமாக ஒரு ஜன்னல். ஜன்னலின் எதிர் விளிம்பைக் கத்தியால் சரிவாகச் சீவி, ஆப்பு மாதிரி கூராக்க வேண்டும். சந்து வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தால் அந்தக் கூர் நட்டநடுவில் கோடாகத் தெரிய வேண்டும். எனக்கு அது மேலே ஏறியிருந்தது, காற்று முழுக்கக் கூட்டுக்குள் போய்விட்டது. மூன்றாவதில் கூரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளி ஊதிக்கொண்டே இருந்தேன். ஏழெட்டுத் தடவை கழித்து சட்டென்று ‘ஊ’ என்றது! பக்கத்து அறையிலிருந்து “என்ன, குக்கரா?” என்று குரல் வந்தது.

அப்புறம் ஸ்ருதி. எல்லாம் மூடியிருந்தால் ச. பேனா ரீஃபிலால் சிறு துளை குத்தி, ஸ்ருதி காட்டும் ட்யூனர் ஆப்பைப் பார்த்தபடி க வரும்வரை பெரிதாக்கினேன். பஞ்சமத்துக்கான துளை அதைப் போல் இரண்டு பங்கு வேண்டியிருந்தது, தைவதத்துக்கு அதைவிடச் சின்னது, மேல் ச-வுக்கான கடைசித் துளைதான் இருப்பதிலேயே பெரிது. மேலே போகப்போக ஒவ்வொரு அரை ஸ்வரத்துக்கும் திறப்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதிகமாகிவிட்டால் ஈரமண்ணை விளிம்பில் அப்பிச் சரிசெய்யலாம். காய்ந்த பிறகு அதெல்லாம் நடக்காது.

நிழலில் பத்து நாள் காய வைத்து, மண் கொடுத்தவருடைய சட்டிகளோடு சூளையில் வைத்துச் சுட்டு வாங்கினேன். வெடிக்கவில்லை. ஊதிப் பார்த்தால் சட்ஜம் டிக்குப் பதில் ஈ பக்கம் போய் நிற்கிறது! மண் சுருங்கும் என்று தெரியும், எவ்வளவு ஏறும் என்று யோசிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் கூடும் துளையும் சேர்ந்தே சுருங்கியதால் ஸ்வரங்களுக்குள் இருந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. தனியாக வாசித்தால் குறையே தெரியாது, சட்ஜத்தை எங்கே வைத்தாலும் ச தானே. டிவியில் விளையாட்டு ஓட, கூடவே ஊதினால்தான் காது கூசுகிறது.

புயல் பாட்டுதான் சுலபம். ச, க, மேல் ச, இரண்டு தடவை. எல்லாம் மூடு, ஒன்று திற, எல்லாம் திற. விளையாட்டில் இதை வாசித்தால் மழை கொட்டும். இங்கே மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, ஒன்றும் ஆகவில்லை. செல்டாவின் தாலாட்டு த, மேல் ச, ப. கடைசி இரண்டு விரல் மட்டும் ஆடினால் போதும், ஆனால் மேல் ச-வுக்கு மூச்சை அழுத்தாவிட்டால் தொங்குகிறது, அழுத்தினால் கீச்சிடுகிறது. பழகவேண்டும்.

நான்காவது முட்டை இப்போது ஈரத்துணிக்குள் இருக்கிறது. இந்தத் தடவை வேண்டுமென்றே ஒன்றரை அரைஸ்வரம் இறக்கி, சட்ஜத்தை ‘சி’க்கும் ‘சி ஷார்ப்’புக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். சூளை அடுத்த வாரம்.